வேதபாடம் நடத்த பெங்களூருக்கு வருகிறவர்களுக்கு

பெங்களூரில் நீங்கள் பாடம் சொல்லப்போகும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு டீச்சர் இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் கார்மென்ட்ஸ் கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாய் விரித்து உட்காரும் அக்கா அவர். எந்தப் பிள்ளையின் அப்பா குடிக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது, யார் வீட்டில் இந்த வாரம் சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ பத்து நாள் பயணமாக வரும் குழு முதலில் தேடிப்போக வேண்டியது அவரைத்தான். நீங்கள் விமானம் ஏறிப் போன பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சொன்ன கதையை அந்த அக்கா உங்களைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் அதற்காகத்தான்.

தமிழர்கள் மிஷன் பயணம் போவது புதிய வழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி இராமநாதபுரம் பக்கத்துத் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1902-இல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பி, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். அந்தச் சங்கம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதியைப் பணிக்களமாக எடுத்துக்கொண்டது. அசரியாவும் பின்னால் அங்கேயே போய்த் தெலுங்கு கற்றார். 1912-இல் தோர்ணக்கலின் பேராயரானார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயரானது அதுவே முதல் முறை. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் மேல்நாட்டு மிஷனரிகளிடம் கேட்டது நட்பைத்தான். பணம் வந்திருக்கிறது, தியாகம் வந்திருக்கிறது, கூட உட்கார்ந்து பழகும் சிநேகம்தான் வரவில்லை என்பது அவர் ஆதங்கம். இன்று நாமே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களாகிவிட்டோம். அந்தக் கேள்வி இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

பெங்களூரிலும் அப்படிக் கூட இருந்து பழகியதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. லண்டன் மிஷன் சங்கம் இங்கே 1820-இல் பணி தொடங்கியது. அந்தச் சங்கத்தில் 1830-களின் பிற்பகுதியில் வந்த பெஞ்சமின் ரைஸ், கன்னடம் கற்று, பள்ளிகள் நடத்தி, 1887-இல் மறையும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இந்த ஊரிலேயே இருந்தார். அவென்யூ ரோட்டின் புத்தகக் கடை நெரிசலுக்கு நடுவே அவர் பெயரிலுள்ள ஆலயம் இன்றும் நிற்கிறது. வந்த வேலைகளுக்கு இடையில் ஒரு மாலை அங்கே போய்ப் பாருங்கள். அவருக்கு ஐம்பது ஆண்டு கிடைத்தது, உங்களுக்குப் பத்து நாள். அவர் ஐம்பது ஆண்டில் சேர்த்த பழக்கம் உங்களுக்குப் பத்து நாளில் வராது. ஆனால் அந்தப் பழக்கம் இருக்கிற அக்கா உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்.

விசா, சட்டம்

இதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் இங்கேயே சொல்கிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய காரியம் இது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுற்றுலா விசாவில் வந்து வேதபாடம் நடத்த முடியாது. ஆராதனையில் கலந்துகொள்ளலாம், பிரசங்கம் கேட்கலாம். சமயக் கருத்துகளைப் போதிப்பதும், வழிபாட்டு இடங்களில் பேசுவதும், துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் கூடாது என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் விதி. போதிக்க வேண்டுமானால் மிஷனரி விசா வேண்டும்; அழைக்கும் சபையின் கடிதத்தோடு மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2021 மார்ச் அறிவிப்பின்படி ஓ.சி.ஐ. அட்டைதாரரும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே குழுவில் யார் என்ன பாஸ்போர்ட் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். அனுமதி இல்லாதவர் வரலாம். பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை கேட்கலாம். கதை சொல்கிறவர் உள்ளூர் அக்காவாக இருக்கட்டும். “யாருக்குத் தெரியப்போகிறது” என்று ஒருவர் சொல்லுவார். தெரிந்தால் நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள். காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போவது அந்தச் சபையின் பாஸ்டர். அவரை அந்த இடத்தில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

கர்நாடகத்தில் 2022-இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2023 ஜூனில் மாநில அமைச்சரவை அதைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. நீங்கள் வரும் மாதத்தில் நிலவரம் என்ன என்று சபையின் வழக்கறிஞரிடமோ மறைமாவட்ட அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பரிசும் பணமும் இலவசக் கல்வியும்கூட ஆசைகாட்டுதல் என்ற வரையறைக்குள் அந்தச் சட்டத்தில் வருகின்றன. பரிசுப் பொருள் பற்றி நான் பின்னால் சொல்லப்போவதற்கு இது ஒரு காரணம். ஆனால் முதல் காரணம் இதுவல்ல.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த அழைத்தால் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அந்த வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. சபை வளாகத்தில் நடத்தும் விடுமுறை வேதபாட (வி.பி.எஸ்.) வகுப்புக்கும் இதையே நாமாகப் பின்பற்றுவது நல்லது. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதச் சீட்டு, கன்னடத்திலும் தமிழிலும், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அக்காவின் கோப்பில் இருக்கட்டும். வீடு வீடாகப் போய் அதை வாங்கும் வேலையை அவரே செய்வார். கூட வரட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

எப்போது வருவது

கர்நாடகப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து மே கடைசி வரை. தமிழ்நாட்டு விடுமுறைக் கணக்கை வைத்துக்கொண்டு ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இங்கே பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இரண்டாவது வாய்ப்பு தசரா விடுமுறை. பரிசுத்த வாரத்தில் வருவதைத் தவிருங்கள். பெரிய வெள்ளியின் மூன்று மணி நேர ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை ஆராதனை என்று சபையே களைத்திருக்கும் நாட்கள் அவை.

வகுப்பு காலையில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டும். சபைக் கூடங்கள் பலவற்றுக்குக் கூரை தகர ஷீட். மழை விழ ஆரம்பித்தால் மைக் வைத்தாலும் கதை காதில் விழாது. காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை தோதான நேரம். அதிலும் முதல் அரைமணியில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். 2024 கோடையில் நகரமே தண்ணீருக்குத் தவித்தது. அந்த அளவு இல்லாத வருஷங்களிலும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்திலும் டேங்கர் வரும் நேரத்திலும் குடம் பிடிக்க நிற்பது பிள்ளைகள்தான். தாமதமாக வருகிற பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். முதல் அரைமணிக்குப் பாட்டும் விளையாட்டும் வைத்துக்கொண்டு கதையைப் பத்து மணிக்குத் தொடங்குங்கள்.

எந்த மொழியில்

தமிழ்க் குழுக்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். தமிழ்ச் சபைக்குப் போகிறோம், தமிழில் பேசிவிடலாம் என்று எண்ணி வருகிறார்கள்.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, படையோடும் படைக்கு வேலை செய்யவும் சரக்குக் கொடுக்கவும் தமிழர்கள் வந்தார்கள். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கமெல்லாம் அப்படி வேர்விட்ட குடும்பங்கள் உண்டு. பிறகு கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வடதமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள், இன்றும் அதிகாலை ரயிலில் வந்து இரவு திரும்புகிறவர்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளை அம்மாவிடம் தமிழ் பேசும். தெருவில் கன்னடமும் தமிழும் தக்கணி உருதுவும் கலந்து பேசும். பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படிக்கும். தமிழில் சரளமாகச் சண்டை போடும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் ஊரிலிருந்து அச்சடித்து எடுத்துவந்த தமிழ்ப் பயிற்சித் தாள் அந்தப் பிள்ளையைக் கூட்டத்துக்கு முன்னால் வெட்கப்படுத்தும்.

இன்னொன்றும் உண்டு. நம் சபைகளில் வாசிக்கும் வேதாகமத்தின் தமிழ் 1871-இல் வெளியான திருப்புதலின் தமிழ். நமக்கு அது தாலாட்டுப்போலப் பழகிய மொழி. எட்டு வயதுப் பெங்களூர்ப் பிள்ளைக்கு அந்த வாக்கியங்களின் முடிச்சு அவிழாது. ஆகவே கதையைப் புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டாம், வாயால் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தமிழில் வேண்டாம், அந்தத் தெருத் தமிழில். அதற்காகவே முதல் இரண்டு நாள் பாடம் எடுக்காமல் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். மனப்பாட வசனம் வேண்டுமென்றால் வகுப்பு முழுவதற்கும் ஒன்றே போதும். அந்தப் பிள்ளை எந்த எழுத்தில் படிக்கிறதோ அந்த எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கன்னட வசனத்தை நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமை அலுவலகம் மகாத்மா காந்தி ரோட்டிலேயே இருக்கிறது. கன்னட வேதாகமம் ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்து அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கன்னடப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் அக்காவும் நீங்களும் மாறி மாறிச் சொல்ல வேண்டியிருக்கும். முந்தின நாள் மாலை இருவரும் உட்கார்ந்து கதையை ஒரு தடவை முழுக்கச் சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். ஒரு காட்சியை முடித்துவிட்டு நிறுத்துங்கள். அவர் நீங்கள் சொன்னதைவிட நீளமாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை அவர் சேர்க்கிறார்.

இந்த ஊரில் மொழி எளிதில் புண்படும் இடம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது தமிழர் வீடுகள் எரிந்தன. 2016-இலும் வண்டிகள் எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளில் எந்த மொழியில் திருப்பலி என்பதே நெடுங்காலமாக மனக்கசப்பாக இருந்துவருகிறது. அதனால் பேனர் கட்டினால் மேலே கன்னடம், கீழே தமிழ். தமிழ்ச் சபையில்கூட “நம்ம ஜனங்க” என்று ஒரு கூட்டத்தை மட்டும் சேர்த்துப் பேசாதீர்கள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கன்னடப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு கதை, ஒரு காலை

பத்து நாளுக்குப் பத்துக் கதை என்று திட்டம் போட்டு வருகிறார்கள். இரண்டு போதும். ஒரு கதையை மூன்று காலைகள் வைத்துக்கொள்ளலாம்: முதல் நாள் நீங்கள் சொல்ல, இரண்டாம் நாள் பிள்ளைகள் நடிக்க, மூன்றாம் நாள் அக்கா சொல்ல. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையை எடுத்துக்கொண்டு எப்படி என்று காட்டுகிறேன். நான்கு சுவிசேஷங்களிலும் வரும் அற்புதம் இது. சாப்பாட்டைக் கொண்டுவந்தது ஒரு பையன் என்றும், அந்த அப்பம் வாற்கோதுமை என்றும் சொல்வது யோவான் மட்டும்தான், ஆறாம் அதிகாரத்தில். பிள்ளைகளிடம் சொல்லும்போது யோவானையே பின்பற்றுங்கள்.

மாலை நேரம், ஐயாயிரம் ஆண்கள், பசி. இங்கே நிறுத்தி ஒரு கணக்குப் போடுங்கள். இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூட வராது என்கிறான் பிலிப்பு. தெனாரியம் என்பது அன்று ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம்; மத்தேயு இருபதாம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கதையிலேயே அது இருக்கிறது. “உங்க வீட்டுல ஒருநாள் கூலி எவ்வளவு?” என்று கேளுங்கள். ஒரு பிள்ளை அறுநூறு என்றால், பெரிய பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் இருநூறால் பெருக்கச் சொல்லுங்கள். 1,20,000 ரூபாய். கூடம் ஒரு நிமிஷம் அசந்துபோகும். தினக்கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தொகையின் கனம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பிலிப்பின் கவலை இப்போது அவர்களுடைய கவலையாகிவிடும்.

அடுத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டுங்கள். அக்கா வீட்டில் காலையில் கிண்டிய ராகி முத்தே (களியுருண்டை) ஒன்று, கருவாடு இரண்டு. அன்றைய பாலஸ்தீனத்தில் கோதுமை வாங்க முடியாதவர்கள் சாப்பிட்டது வாற்கோதுமை. அந்தப் பையனின் டப்பாவில் இருந்தது ராகி முத்தேபோல ஒரு சாப்பாடு. அவன் அம்மா கட்டிக்கொடுத்த, உழைக்கிற வீட்டுச் சாப்பாடு. கர்நாடகத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொம்மைப் படத்தில் இருக்கும் வெள்ளை வெளேரென்ற பன் ரொட்டியைக் காட்டினால் கதை வேறு யாருடைய கதையாகவோ போய்விடும்.

பிறகு கேளுங்கள்: “நீயா இருந்தா டப்பாவைக் கொடுப்பியா?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். சிலர் கொடுப்பேன் என்பார்கள், பழகிய பதில் அது. ஒருவன் கொடுக்க மாட்டேன் என்பான். ஏன் என்று கேளுங்கள். தம்பிக்கு வேண்டும் என்பான். அவனைத் திருத்தாதீர்கள். அந்த மலையடிவாரத்துப் பையனுக்கும் அப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். இயேசு அதை வாங்கி நன்றி சொன்னார், உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தார், எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

முடிவில் மிச்சத்தைச் சேர்க்கச் சொல்கிறார் இயேசு, ஒன்றும் வீணாகப் போகக் கூடாது என்று. பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பழைய செய்தித்தாளைப் பிள்ளைகளே துண்டு துண்டாகக் கிழித்துக் கூடமெங்கும் போட்டு, பன்னிரண்டு பிளாஸ்டிக் கூடைகளில் போட்டி போட்டுப் பொறுக்கட்டும். அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கை மறக்கவே மறக்காது, கூடமும் சுத்தமாகும்.

அன்று மாலையோ மறுநாளோ ஒரு பிள்ளை கேட்கும்: “எங்க வீட்ல சாப்பாடு இல்லாதப்போ ஏன் அப்படி நடக்கல?” நீங்கள் எதிர்பார்த்து வர வேண்டிய கேள்வி இது. உன் வீட்டில் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு குழந்தையின் தட்டு காலியாக இருந்ததற்கு அந்தக் குழந்தையையே குற்றவாளியாக்கும் பதில் அது. உடனே பணம் எடுத்து நீட்டவும் வேண்டாம். “எனக்கும் அந்தக் கேள்வி உண்டு” என்று சொல்லலாம். சீஷர்கள் கூட்டத்தை அனுப்பிவிடத்தான் பார்த்தார்கள், நீங்களே கொடுங்கள் என்று இயேசு அவர்களிடம் சொன்னார் என்பதை, மற்ற மூன்று சுவிசேஷங்களிலிருந்து, சேர்த்துச் சொல்லலாம். பிறகு அன்றே அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். அந்த வீட்டில் உண்மையிலேயே அரிசி இல்லையா என்று பார்த்து, சபை வழியாக என்ன செய்யலாமோ அதைச் செய்வார்கள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் சரியான பதில்.

செய்யக் கூடாதவை

வகுப்புக்கு இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். விடுமுறையில் விளையாட ஓர் இடம், அக்கா நல்லவர், அவ்வளவுதான் காரணம். அந்தப் பிள்ளைகளின் வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசக் கூடாது. கடைசி நாளில் கண்ணை மூடச் சொல்லி, ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கும் வழக்கத்தை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணாவைச் சந்தோஷப்படுத்தக் கையைத் தூக்கும். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் எழுதி ஊரில் வாசிப்பது அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை, சுவிசேஷத்துக்கும் நியாயமில்லை. விசுவாசத்தைப் பற்றிய பேச்சு பெற்றோரும் அக்காவும் கூட இருந்து வருஷக்கணக்கில் நடக்கட்டும்.

பரிசுப் பொருள் கொண்டுவராதீர்கள். சாக்லேட் பெட்டியோடு வந்த குழு போன பிறகு, வெறுங்கையோடு பாய் விரிக்கும் அக்காவைப் பிள்ளைகள் என்னவென்று பார்க்கும்? மேலே சொன்ன முதல் காரணம் இதுதான். பணமும் நேரடியாகக் கையில் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரோ வெளிநாட்டுச் சபையோ ஊழியத்துக்குக் கொடுக்கும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அமைப்பின் கணக்குக்கே போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் வைத்திருக்கும் கணக்கு. வாங்கிவிட்டுச் சிக்கலில் மாட்டப்போவது இங்கிருப்பவர்கள்.

குழந்தைப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், ஒருவர் உள்ளூர்க்காரர். கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளையை உள்ளூர் அக்காதான் கூட்டிப்போவார். வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது, ஹோட்டலுக்கு அழைப்பது, பிள்ளைகளின் போன் எண்ணை வாங்குவது எதுவும் கிடையாது. பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கடமை. சபையின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தாலும் நிற்கக் கூடாது. புகைப்படம் எடுத்தால் முகம் தெரியாமல், பின்பக்கத்திலிருந்து, சம்மதத்தோடு. அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளையைத் தேடிப் படம் எடுப்பதை உங்கள் குழுவில் யார் செய்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் படம் என்றாவது அந்தப் பிள்ளையுடைய அம்மாவின் போனுக்கும் வரும்.

அக்காவின் நோட்டு

ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் முக்கால் மணி நேரம் அக்காவுக்கென்று ஒதுக்குங்கள். உங்கள் பயணத்தில் மிக முக்கியமான நேரம் அது. அவர் மதியம் வேலைக்குப் போகிறவராக இருந்தால் அவருக்குத் தோதான நேரத்தைக் கேட்டு, உங்கள் மற்ற திட்டங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். இன்றைக்கு எந்த இடத்தில் பிள்ளைகள் கவனித்தார்கள், எங்கே கவனம் கலைந்தது என்று அவர் சொல்ல நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வண்ண அச்சில் தயாரான பாடப்புத்தகம் கொடுத்தால் அது அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஒரு நீள நோட்டு வாங்கிக்கொடுத்து, கதையை அவருடைய வார்த்தையில், அவருக்கு வசதியான எழுத்தில் அவரே எழுதட்டும். தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுகிறவர்கள் இங்கே உண்டு. அதில் ஒரு குறையும் இல்லை. எழுதவே நேரமில்லாதவர் போனில் குரலாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

அவருக்குத் தெரியாத வேத விவரங்களை நீங்கள் கொடுக்கலாம், அதில் உங்களுக்கு வேலை உண்டு. தெனாரியக் கணக்கு, வாற்கோதுமை யார் சாப்பாடு, பஸ்கா பண்டிகை எந்தப் பருவத்தில் வரும், கலிலேயா ஏரி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். அவரிடம் ஒரு வேதாகம அகராதியோ வரைபடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், இருபது பிள்ளைகளுக்குப் பை வாங்க வைத்திருந்த பணத்தில் அதை வாங்கிச் சபை நூலகத்தில் வையுங்கள். ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-இலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு அங்கே என்ன உதவி கிடைக்கும் என்று கேட்க அவரோடு ஒரு நாள் போய்வரலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் துணைக்கு ஆள் இருந்தால் போவார்கள்.

ஒன்பதாம் நாள் வகுப்பை முழுக்க அவரே நடத்தட்டும். நீங்கள் பின்பாயில் உட்காருங்கள், இடையில் திருத்தாதீர்கள், உதவிக்கு எழாதீர்கள். அவர் இரண்டு மீனை மூன்று மீன் என்று சொல்லிவிட்டாலும் பிள்ளைகளே கத்தித் திருத்துவார்கள். பத்தாம் நாள் பாஸ்டர், பாஸ்டரம்மா, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து, அடுத்த வருஷம் நீங்கள் வருவது அவர்களுக்கு உதவியா பாரமா என்று நேராகக் கேளுங்கள். முகத்துக்கு எதிரே வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. ஆகவே ஒரு மாதம் கழித்துப் போனில் அக்காவிடம் தனியாக மறுபடி கேளுங்கள். உங்கள் எட்டுப் பேர் விமானச் செலவில் எங்கள் ஆசிரியர்களில் இரண்டு பேருக்கு ஒரு வருஷப் பயிற்சி கொடுக்கலாமே என்று அவர் சொன்னால், அந்த யோசனையை உங்கள் சபைக் கமிட்டியின் முன் வைத்து, அதற்குச் சம்மதம் வாங்குகிற வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.